பழைய லப்டொப்பும் புதிய இயங்குதளமும்



வழமையாக இந்த நேரத்தில் வருமானவரிப் படிவம், பிள்ளைகள் பணம், ஓய்வூதியக் கணக்கு என்று கதைத்து உங்களுக்குத் தலையிடி தருகிறவன் நான். இன்றைக்கு வேறொரு கணக்கு. உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலோ கட்டிலுக்குக் கீழோ கிடக்கிற பழைய லப்டொப்பைப் பற்றியது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அதற்குப் பிறகு எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் வரியை விட இந்தக் கேள்விதான் கூட. "அண்ணை, எங்கட கொம்பியூட்டருக்கு வின்டோஸ் 11 ஏறாதாம். எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுறாங்கள். உண்மையோ?"

பாதி உண்மை. ஏறாது என்பது பெரும்பாலும் சரி. எறிய வேண்டும் என்பது சரியில்லை.

ஏன் ஏறாது என்பதை முதலில் பார்ப்போம். 2021 ஒக்டோபரில் வின்டோஸ் 11 வந்தபோது, ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மைக்ரோசொப்ட் நிபந்தனை வைத்தது. அதோடு இன்ன இன்ன செயலிகள்தான் என்று ஒரு பட்டியலும் வெளியிட்டது. இன்ரெல் செயலிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017 இல். ஆகவே அதற்கு முந்திய லப்டொப் எவ்வளவு வடிவாக வேலை செய்தாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. இயந்திரத்தில் பழுது இல்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் கணக்காளர் தொழிலிலும் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. ஜேர்மன் நிதி அமைச்சு முன்பு கணினியின் பாவனைக் காலத்தை மூன்று வருடம் என்று வைத்திருந்தது. 2021 இல் அதை ஒரே வருடம் என்று எடுத்துக்கொள்ளலாம் என அறிவித்தது. அதாவது இந்த வருடம் ஆயிரம் யூரோவுக்கு வாங்கின கணினி, கணக்குப் புத்தகத்தில் ஒரு வருடத்தில் பூச்சியமாகிவிடும். சில அலுவலகங்களில் மறந்துபோகாமல் இருக்க ஒரு யூரோ என்று எழுதி வைப்போம், அதற்கு நினைவுப் பெறுமதி என்று பெயர். புத்தகத்தில் ஒரு யூரோ பெறுமதியான அந்த இயந்திரங்களில்தான் நாங்கள் நாள் முழுக்க வேலை செய்கிறோம். புத்தகத்தில் எழுதின வயதும் இயந்திரத்தின் வயதும் ஒன்றல்ல என்பது எந்தக் கணக்காளருக்கும் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும், ஆனால் அவர் சொல்லமாட்டார்.

அப்படியென்றால் பேசாமல் வின்டோஸ் 10 உடனேயே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பை இலவசமாகத் தருவதாக மைக்ரோசொப்ட் 2025 இல் அறிவித்தது. அதற்கு மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றில் பதிய வேண்டும். அது அவகாசம் மட்டும்தான், முடிவல்ல. திருத்தம் வராத இயங்குதளத்தில் படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது என்றால் பரவாயில்லை, இன்ரநெற் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஆனால் வங்கிக் கணக்கு, பினான்ஸாம்ற் கடிதம், யொப்சென்ரர் விண்ணப்பம், வதிவிட அனுமதிப் பத்திரத்தின் பிரதி எல்லாம் அதில்தான் என்றால் கதை வேறு. கண்டுபிடிக்கப்படுகிற ஒவ்வொரு ஓட்டையும் அதில் அடைக்கப்படாமலே கிடக்கும். கதவு பூட்டாத வீட்டில் காணி உறுதியை வைப்பது போன்றது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் லினக்ஸ்.

பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். உங்கள் கையில் இருக்கிற அன்ரொயிட் கைத்தொலைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கினது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், களவு இல்லை. திறந்த மூலம் என்றால் இதுதான். இதன் அருமை எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து வைக்க இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டாகச் சேர்ந்து சஹானா என்றொரு மென்பொருளை எழுதினார்கள். திறந்த மூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெய்ற்றி நிலநடுக்கத்துக்கும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது.

சரி, பழைய லப்டொப்பில் புதிய லினக்ஸ் ஏன் ஓடுகிறது, புதிய வின்டோஸ் ஏன் ஓடுவதில்லை? இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும், அது ஒலிக்கான அட்டை என்றாலும் வை-பை என்றாலும், இயங்குதளத்தோடு பேச ஒரு இயக்கி மென்பொருள் வேண்டும். வின்டோஸில் அதை எழுதுவது பெரும்பாலும் பாகத்தைத் தயாரித்த நிறுவனம். புது வின்டோஸ் வந்ததும் பத்து வருடத்துக்கு முன் விற்ற பாகத்துக்குத் திரும்ப இயக்கி எழுத அவர்களுக்கு என்ன இலாபம்? எழுதமாட்டார்கள். உங்கள் அச்சு இயந்திரமும் ஸ்கானரும் திடீரென்று ஊமையாவது இதனால்தான். லினக்ஸில் அநேகமான இயக்கிகள் கருவின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கின்றன. கரு புதுப்பிக்கப்படும்போது அவையும் சேர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. பாவிக்கிறவர் யாரும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் தூக்குகிறார்கள். 1980களின் 386 செயலிக்கான ஆதரவையே 2012 கடைசியில்தான் எடுக்கத் தீர்மானித்தார்கள் என்றால் பாருங்களேன்.

லைப்சிக்கிலிருந்து கெம்னிற்சுக்கு ஓடுகிற புகையிரதத்தில் போனவர்களுக்கு இது விளங்கும். 2015 முதல் சில வருடங்கள் அந்தப் பாதையில் கிழக்கு ஜேர்மனிக் காலத்துப் பெட்டிகளைப் புது டீசல் எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது. பயணிகள் முறுமுறுத்தார்கள்தான், கதவு இறுக்கம், இருக்கை பழசு. ஆனால் போய்ச் சேர்ந்தோம்.

இனி உங்கள் இயந்திரம் தகுதியானதா என்று பார்ப்போம். முதல் கேள்வி, செயலி 64-பிற் ஆனதா? 2006 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த இன்ரெல் கோர் 2 டுவோவும் அதற்குப் பிந்தியவையும் 64-பிற். அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவையும், அந்தக் காலத்துச் சின்ன நெற்புக்குகளில் சிலவும் 32-பிற். 32-பிற் இயந்திரங்களுக்கான வாசல் இப்போது லினக்ஸிலும் மூடிக்கொண்டு வருகிறது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இல் அவற்றுக்கான நிறுவியும் கருவும் இல்லை. பயர்பொக்ஸ் உலாவியும் 32-பிற் லினக்ஸுக்கான பதிப்பை 2025 இல் நிறுத்தியது. ஆகவே 2005 ஆம் ஆண்டு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து "தம்பி, இதுக்கும் போட்டுத் தாருமன்" என்று கேட்கிற ஐயாமாருக்கு நான் சொல்வது, அது உழைத்தது போதும், விடுங்கள்.

இரண்டாவது, நினைவகம். லினக்ஸ் மின்ற் 22, 2024 இல் வெளிவந்தது, 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். அதற்கு ஆகக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் என்று எழுதியிருப்பார்கள், வசதியாக ஓட 4 ஜி.பி. என்று பரிந்துரைப்பார்கள். என் அனுபவத்தில் 2 ஜி.பி. என்பது பொறுமையைச் சோதிக்கும். இயங்குதளம் குறைவாகத்தான் எடுக்கும், நினைவகத்தைத் தின்பது உலாவி. யூடியூப் ஒரு பக்கம், மின்னஞ்சல் ஒரு பக்கம், செய்தித்தளம் நாலு பக்கம் என்று திறந்தால் எந்த இயங்குதளமும் மூச்சு வாங்கும். 4 ஜி.பி. இருந்தால் தாராளமாகத் தொடங்குங்கள். பழைய லப்டொப் பலவற்றில் அடிப்பக்க மூடியைக் கழற்றி இன்னொரு நினைவக அட்டை செருகலாம். மின்றில் மூன்று வகை உண்டு. பழைய இயந்திரத்துக்கு எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற எளிமையான வகையை எடுங்கள். பளபளப்பு குறைவு, வேகம் கூட.

மூன்றாவது, வன்தட்டு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். பழைய லப்டொப் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் குற்றவாளி செயலி அல்ல, சுழலுகிற வன்தட்டு. அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத தட்டைப் போட்டால் அதே லப்டொப் வேறு இயந்திரம்போல் எழும்பும். கிறுனாவில் ஒரு குடும்பத்தின் 2012 ஆம் ஆண்டு லப்டொப் ஒன்றுக்கு இப்படிச் செய்தோம். முன்பு ஆளியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போவார்களாம். இப்போது தண்ணி கொதிக்க முன்னமே திரை வந்துவிடுகிறது என்று அந்த வீட்டு அக்கா முறைப்பாடு செய்கிறார்.

இனி, இந்தப் பேச்சில் நான் ஆகக் கூடுதலாக நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். லினக்ஸ் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் வீடுகளின் பழைய கணினிகளில் இருப்பது வெறும் கோப்புகள் அல்ல. ஊரில் கச்சேரியோடு எரிந்துபோன பிறப்புப் பதிவின் ஒரே பிரதியை எவரோ ஸ்கான் பண்ணி அதில் வைத்திருப்பார். அகதி விண்ணப்பக் காலத்துக் கடிதங்கள், மொழிபெயர்ப்புகள், இல்லாமல் போன அம்மாவின் குரல், கலியாண வீட்டுப் படங்கள். இவற்றைத் திரும்ப எடுக்க எந்தக் கந்தோரும் இல்லை. லினக்ஸ் நிறுவும்போது "வன்தட்டை முழுதாக அழித்து நிறுவு" என்று ஒரு தெரிவு வரும். அழுத்தினால் அழித்துவிடும். ஆகவே வின்டோஸ் இன்னும் ஓடுகிறபோதே எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். பிறகு இன்னொன்றில் இன்னொரு பிரதி. ஒன்றை வேறொரு வீட்டில், தங்கச்சி வீட்டிலோ மகன் வீட்டிலோ, வையுங்கள். பிரதி எடுத்ததை வேறொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். கணக்காளர் புத்தி என்று சிரிக்க வேண்டாம், திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல. மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அநேகம் பேருக்கு அவை உலாவிக்குத்தான் தெரியும், தங்களுக்குத் தெரியாது.

அடுத்தது பாமினி. 2000களில் எங்கள் சங்க அறிக்கை, தமிழ்ப் பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கல்வெட்டு எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம். பாமினி ஒருங்குறி அல்ல. ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தின எழுத்துரு அது. போர்வை இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை நான் அறிவேன். பழுதில்லை. வின்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிற எழுத்துருக்கள் கோப்புறையிலிருந்து பாமினியையும், நீங்கள் பாவித்த மற்றப் பழைய எழுத்துருக்களையும் முதலே பிரதி எடுத்து வையுங்கள். லினக்ஸில் அந்த எழுத்துருக் கோப்பை இரண்டு தரம் சொடுக்கி நிறுவினால் பழைய ஆவணம் பழையபடி தமிழாகத் திறக்கும். நிரந்தரமாக மாற்றுவதென்றால், சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் எழுத்துருமாற்றி போன்றவை பாமினியை ஒருங்குறியாக்கித் தரும். முக்கியமான ஆவணங்களை இப்படி மாற்றிவிடுவது நல்லது, பிள்ளைகளின் காலத்தில் பாமினி என்றால் ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைப்பார்கள்.

புதிதாகத் தமிழ் அடிப்பதில் லினக்ஸில் சிக்கல் இல்லை. தமிழ் எழுத்துருக்கள் நிறுவும்போதே வந்துவிடும் அல்லது சில சொடுக்கில் கிடைக்கும். தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை என்று உங்கள் விரல் பழகினதைத் தெரிவு செய்யலாம். இலங்கைக்கான விசைப்பலகைப் பட்டியலுக்குள்ளும் தமிழ் தனியாக இருக்கிறது.

பிரதி எடுத்தாயிற்று. இனி உடனே அழிக்க வேண்டியதில்லை. 8 ஜி.பி. ஸ்ரிக் ஒன்றில் லினக்ஸை எழுதி, லப்டொப்பை அந்த ஸ்ரிக்கிலிருந்தே எழுப்பலாம். ஆளியைப் போட்டதும் எப்12 அல்லது எப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வன்தட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வரும், கொஞ்சம் ஆறுதலாக ஓடும். வை-பை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, கமெரா தெரிகிறதா, அச்சு இயந்திரம் அச்சடிக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். பழைய புரோட்கொம் வை-பை சிப்தான் அதிகம் முரண்டு பிடிக்கும், அதற்கு முதல் தரம் வலைக் கம்பியைச் செருகி மேலதிக இயக்கியை இறக்க வேண்டிவரும். எல்லாம் சரி என்றால் நிறுவுங்கள். சரியில்லை என்றால் ஸ்ரிக்கைப் பிடுங்குங்கள், உங்கள் வின்டோஸ் அப்படியே இருக்கும். கடையில் வாங்குகிற எந்தப் பொருளை இப்படி மூன்று நாள் காசில்லாமல் பாவித்துப் பார்க்க விடுகிறார்கள்?

எது வேலை செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசொப்ட் ஒபிஸை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. பதிலுக்கு லிப்ரே ஒபிஸ் உண்டு. அது அடிப்படையில் ஜேர்மன் பிள்ளை. 1980களின் நடுவில் மார்கோ பொறீஸ் என்ற பொடியன் பள்ளிக்கூட வயதில் லூனபேர்க்கில் தொடங்கிய ஸ்ரார் ஒபிஸ்தான் அதன் மூலம். 1999 இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கி அடுத்த வருடம் நிரலைத் திறந்தது, 2010 இல் லிப்ரே ஒபிஸ் பிரிந்தது. கடிதம், விண்ணப்பம், வீட்டுக் கணக்கு எல்லாவற்றுக்கும் போதும். அலுவலகத்திலிருந்து வருகிற சிக்கலான எக்செல் கோப்புகள் சிலவேளை கலைந்து தெரியும். வரிக்கு, முன்பு வின்டோஸில் மட்டும் ஓடின எல்ஸ்ரர் போர்முலார் என்ற நிரல் 2020 இல் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ள மைன் எல்ஸ்ரர் உலாவியில் ஓடுகிறது, ஆகவே லினக்ஸிலும் சரி. ஆனால் அதன் சான்றிதழ்க் கோப்பைப் பிரதி எடுக்க மறக்காதீர்கள், அது தொலைந்தால் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். சொந்தக் கடை வைத்திருந்து டாட்டேவ் போன்ற கணக்கு நிரல் பாவிப்பவர்கள் அந்த ஒரு கணினியை வின்டோஸிலேயே வைத்திருங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மியூனிக் நகரசபையின் கதை இங்கே பொருந்தும். 2003 இல் அவர்களுடைய ஏறக்குறைய 14,000 கணினிகளில் ஓடின வின்டோஸ் என்.ரி. 4 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் முடிக்கப்போகிறது என்று வந்தபோது, லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தார்கள். அப்போதைய மைக்ரோசொப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை இடைநிறுத்தி, மேயர் கிறிஸ்டியான் ஊடேயை நேரில் வந்து சந்தித்துப் பார்த்தார். மசியவில்லை. பத்து வருடத்தில், 2013 இல், மாற்றி முடித்தார்கள். பிறகு ஆட்சி மாறி, முறைப்பாடுகள் கூடி, 2017 இல் வின்டோஸுக்கே திரும்புவதென்று முடிவெடுத்தார்கள். லினக்ஸ் சரிவராது என்பதற்கு இதை ஆதாரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் வாசித்தவரை அங்கே தடுக்கினது இயந்திரம் அல்ல. எந்த முறைப்பாடு வந்தாலும் லினக்ஸின் தலையில் கட்டினார்கள், பழகாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் போதவில்லை. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநிலம் 2024 இல் தன் 30,000 வேலைத்தளங்களை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றத் தீர்மானித்துத் தொடங்கியது.

வீட்டிலும் அதே கதைதான். அம்மாவின் லப்டொப்பை மகன் ஒரு பின்னேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு டோர்ட்முண்டுக்கு ரயில் ஏறினால், இரண்டு கிழமையில் அம்மா அதை மூடி வைத்துவிடுவார். அவர் திறப்பது நாலு இடம். வட்ஸ்அப், யூடியூப், ஊர்ச் செய்தி, படங்கள். அந்த நாலுக்கும் திரையில் பெரிய குறிப்படம் வைத்து, தமிழில் பெயர் எழுதி, ஒரு கிழமைக்குத் தினமும் தொலைபேசியில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லப்டொப்பின் அடிப்பக்கம் வீங்கியிருந்தால், மூடி சரியாகப் பொருந்தாமல் எழும்பி நின்றால், பற்றரி ஊதியிருக்கிறது. அதைச் செருக வேண்டாம், குத்த வேண்டாம், குப்பை வாளியில் போட வேண்டாம், தீப்பிடிக்கும். நகரசபையின் வெர்ற்ஸ்ரொப்ஹோபில் ஒப்படையுங்கள். பற்றரி நல்லது, ஆனால் திரை உடைந்தது, விசைப்பலகையில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை என்றால் திருத்துகிற செலவையும் பாவித்த நல்ல லப்டொப் ஒன்றின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கம்பனிகள் மூன்று நாலு வருடத்தில் கழித்துவிடுகிற இயந்திரங்கள் நல்ல நிலையில் விற்பனைக்கு வருகின்றன. பூச்சிய வட்டி என்று தவணையில் புதிது எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். தவணைக் கடனுக்கு வட்டி பூச்சியமாக இருக்கலாம், உங்கள் சூபா பதிவில் அது கடன்தான்.

தனியாகச் செய்யப் பயமென்றால் லைப்சிக்கில் திருத்தல் கபேக்கள் உண்டு, தொண்டர்கள் பக்கத்தில் இருந்து உதவுவார்கள். கெம்னிற்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1999 முதல் மார்ச் மாத வார இறுதி ஒன்றில் லினக்ஸ் நாட்கள் என்று பெரிய கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே "டொக்டர் ருக்ஸ்" என்று ஒரு மேசை போட்டு, கொண்டு வருகிற கணினிக்கு வைத்தியம் பார்ப்பார்கள். லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஜேர்மன் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். லப்டொப்போடு மின்கம்பியையும் கொண்டு போங்கள், பழைய பற்றரி கெம்னிற்ஸ் வரை தாங்காது.